வீட்டுக் கொட்டகையில் பழைய டர்போ கார்: பிரித்துக் கட்டப் புதிதாக வருபவர்களுக்கு

நம் கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஜப்பானின் சுப்ராவும் ஸ்கைலைனும் கிடைக்கப் போவதில்லை. கைக்கு எட்டுவது 2000-களின் நடுவில் இங்கே விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். தான். 1.8 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 20 வால்வு, கே03 வகை டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி), 150 குதிரைத்திறன். நாலு கதவும் பெரிய டிக்கியும் வைத்துக்கொண்டு இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். இதே குடும்பத்து இன்ஜின் ஃபோக்ஸ்வாகன், ஆடி என்று பல நாடுகளில் ஓடியிருக்கிறது. அதனால் சாமானும் கிடைக்கும், சரியான அளவுகளும் கிடைக்கும். முதல் தடவை பிரிக்கிறவருக்கு அதுதான் முக்கியம். வேறு டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

வண்டி வந்தவுடன் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது), பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), புஸ்ஸென்று சத்தம் போடும் வால்வு என்று மனசு ஓடும். இருபது வருஷ வண்டியில் பணம் போக வேண்டிய வரிசை வேறு: முதலில் ஆயில், அடுத்து சூடு, மூன்றாவது காற்றுக் கசிவு. பவர் கூட்டுவது நாலாவது. இந்த வரிசையை மாற்றினால் கூட்டிய பவரே இன்ஜினை உடைக்கும்.

வாங்கும் முன்

வண்டியைக் காலையில், இன்ஜின் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது போய்ப் பாருங்கள். "இப்பத்தானுங்க ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தையும் உள்ளே தெரியும் கேம் ஷாஃப்டையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் மினுமினுத்தால் நல்லது. கறுப்பாக, விரலால் வழித்தால் தார் மாதிரி ஒட்டிவந்தால், அதே கசடு கீழே சம்ப்பில் (இன்ஜினின் ஆயில் தொட்டி) ஆயில் உறிஞ்சும் சல்லடையையும் அடைத்திருக்கும். இந்த இன்ஜின்கள் சாவது பெரும்பாலும் அப்படித்தான். சல்லடை அடைத்தால் பிரஷர் குறையும், முதலில் டர்போவின் பேரிங்கும் பிறகு கான் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கும் போகும்.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு, ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதித்து விடுங்கள். அப்போது நீலப் புகை கிளம்பினால் வால்வு சீல் அல்லது டர்போ. கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படுங்கள்.

கம்ப்ரஷன் சோதனையை இன்ஜின் சூடாக இருக்கும்போது, நாலு பிளக்கும் கழற்றி, ஃபியூயல் பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு, திராட்டில் முழுதும் திறந்த நிலையில் செய்ய வேண்டும். அழுத்தம் 7 பாருக்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

பேப்பர் விஷயம். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, எதுவரை என்று பாருங்கள். பாலக்காட்டு வண்டி விலை குறைவாகத் தெரியும். என்ஓசி (அங்கே வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் கூட்டினால் கணக்கு மாறிவிடும். அங்கே மழையில் நின்ற வண்டிக்கு ஃப்ளோர் மேட்டைத் தூக்கித் துருவும் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கமும் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியும் தண்ணீர் தேங்கும் இடங்கள்.

இடம், கருவி

சிமெண்ட் தரை, கதவு பூட்டக்கூடிய கொட்டகை, இன்ஜின் பாகங்களைப் பரப்ப ஒரு பழைய மேஜை. மண் தரையில் இன்ஜின் கட்டக் கூடாது. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தூசி எந்த இடுக்கிலும் புகும். பேரிங் போடும் வேலையை அந்த நாட்களில் வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள இன்ஜினின் உடல்) பெரிய பாலிதீன் பையால் மூடியே வைத்திருங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிலோ. அதை ஷெட்டின் ஆங்கிளில் தொங்கவிடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தாங்கத்தான் அந்த ஆங்கிள் போட்டிருக்கிறது. போர்வெல் மோட்டார் தூக்குபவர்களிடம் முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும், நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. முக்காலியின் கால்களைத் தரையில் சறுக்காதபடி சங்கிலியால் இணைத்துக் கட்டுங்கள். இன்ஜினை மேலே தூக்கியபின் இன்ஜினை நகர்த்தாமல் வண்டியைப் பின்னால் தள்ளுங்கள். வண்டிக்கு அடியில் போகிற வேலைக்கு ஜாக் மட்டும் போதவே போதாது, நாலு ஸ்டாண்டு வேண்டும்.

ஸ்பேனர் செட் எல்லோரிடமும் இருக்கும். தனியாக வாங்க வேண்டியவை: டார்க்ஸ் பிட்டுகள், பன்னிரண்டு முனை எக்ஸ்இசட்என் பிட்டுகள், இரண்டு டார்க் ரெஞ்ச் (சின்ன போல்ட்டுக்கு ஒன்று, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை ஒன்று), ஆங்கிள் கேஜ், ஃபீலர் கேஜ், பிளாஸ்டிகேஜ் (பேரிங்கில் வைத்து நசுக்கி இடைவெளி அளக்கும் பிளாஸ்டிக் இழை). ஆலன் கீ நுழைகிறதே என்று எக்ஸ்இசட்என் போல்ட்டில் அதைப் போட்டுத் திருகினால் தலை வழுக்கிவிடும், பிறகு வெல்டிங் வைத்துத்தான் எடுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் பழையது என்றால் கோயம்புத்தூரில் அளவுக்கருவி சரிபார்க்கும் ஆய்வகங்களில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஏர்பேக் உள்ள வண்டி. ஏசி கேஸை ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், காற்றில் விடாதீர்கள். கூலன்ட், ஆயில் வடியுங்கள். பம்பர், அதன் பின்னால் ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கும் லாக் கேரியர் இரண்டும் போனால் முன்பக்கம் அகலத் திறந்துவிடும். ஒவ்வொரு கனெக்டரிலும் பேப்பர் டேப் ஒட்டி எண் போடுங்கள், அதே எண்ணோடு போட்டோ எடுங்கள். போல்ட்டுகளைப் பாகவாரியாகத் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

கழற்றும்போது வேக்யூம் ஹோஸும் இக்னிஷன் காயில் ஒயரும் கையோடு பொடிப்பொடியாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இந்த வண்டியில் வழக்கம்தான். இரண்டையும் மொத்தமாக மாற்றக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஹோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000-களின் ரப்பர் இப்போதைய இ20 பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதில்லை. இ20 தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, திருகாணி கிளாம்பு தவிர்த்து ஃபியூயல் லைனுக்கென்றே உள்ள கிளாம்பைப் போடுங்கள்.

சம்ப்பைக் கழற்றியதும் முதலில் அந்தச் சல்லடையைப் பாருங்கள். கரித்துண்டு இருந்தால் கழுவிப் போடலாம் என்று பார்க்காமல் பிக்கப் குழாயையே மாற்றிவிடுங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிறது. சூட்டில் ஆயில் உள்ளுக்குள்ளேயே கரியாகிக் குழாய் சுருங்கியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. டர்போ மாற்றிவிட்டுப் பழைய குழாயையே போட்டவர்களுக்குப் புது டர்போவும் சீக்கிரம் போகும்.

பட்டறைக்கு எது, எப்படி

பிளாக் போரிங் (சிலிண்டர் துளையை அகலமாக்குவது), ஹோனிங் (அதன் சுவரைக் கல்லால் தேய்ப்பது), கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடியைச் சமமாக்குவது) நாலும் வீட்டில் நடக்காது. நமக்கு அந்தக் கவலை இல்லை. பவுண்டரியும் பம்பும் மில் சாமானும் வளர்த்துவிட்ட லேத் பட்டறைகள் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று எங்கும் இருக்கின்றன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் ரிக் வண்டியும் ஓடுவதால் கிராங்க் வேலைக்கும் டர்போ வேலைக்கும் ஆள் உண்டு.

ஆனால் அவர்கள் கைக்கு டீசல் பழக்கம். "எவ்வளவு எடுக்கோணுங்க?" என்று கேட்கும்போது எழுதிய தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை:

ஸ்டாண்டர்டு போர் (சிலிண்டர் துளை) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 86.4 மி.மீ. போரை மேலிருந்து 10 மி.மீ. கீழே, நடுவில், அடியிலிருந்து 10 மி.மீ. மேலே என மூன்று இடத்தில், கிராங்க் போகும் திசையிலும் குறுக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். 0.08 மி.மீ.க்கு மேல் தேய்ந்திருந்தால் போரிங். அதற்குக் கீழே என்றால் ஹோனிங்கும் புது ரிங்கும் போதும். போரிங் என்று முடிவானால் பிஸ்டனை முதலில் வாங்கி, பிஸ்டனோடு பிளாக்கைக் கொடுங்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பி போர் செய்துவிட்டுப் பிஸ்டன் வரும்வரை காத்திருப்பது தலைகீழ் வேலை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்றால் சூட்டில் அதிகம் விரியும், அதன் தயாரிப்பாளர் தாளில் உள்ள இடைவெளியைத்தான் வைக்க வேண்டும். பட்டறைக்காரர் பழக்கத்தில் வைக்கும் இடைவெளி அதற்கு இறுக்கமாகிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஹெட்டின் சமதளம் 0.1 மி.மீ.க்குள். ஃபேசிங்குக்கு முன் பிரஷர் டெஸ்ட். வெடித்த ஹெட்டைப் பளபளப்பாக்கி என்ன பயன்? வால்வு கைடு, சீல் இருபதுக்கும் புதுசு.

டர்போவைக் கையில் பிடித்து ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், ஆனால் வீல் சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே தெரியக் கூடாது. லாரி டர்போ பெரியது, மெதுவாகச் சுற்றும். இந்தக் குட்டி டர்போ நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும். அதிவேக பேலன்சிங் மெஷின் இல்லாத கடையில் கிட் மாற்றுவது வீண் செலவு. மெஷின் இருக்கிறதா என்று கேட்டு, ரிப்போர்ட் தருவார்களா என்றும் கேளுங்கள்.

கட்டுவது

பட்டறையிலிருந்து வந்த பிளாக் சுத்தமாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. ஹோனிங் கல்லின் பொடி போர் சுவரில் ஒட்டியிருக்கும், டீசல் ஊற்றிக் கழுவினால் போகாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, வெந்நீர், நைலான் பிரஷ். கழுவி, காற்றடித்துக் காயவைத்து, உடனே புது இன்ஜின் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணி சாம்பலாகிறதா? மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை இதே வேலைதான். ஆயில் கேலரி துளைகளின் பிளக்கைக் கழற்றி ஒல்லிப் பிரஷ் விட்டுத் தேயுங்கள். புது ரிங் 2,000 கி.மீ.யில் தேய்ந்து போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில் பார்த்த அவசரம்.

ரிங் ஒவ்வொன்றையும் அதனதன் போரில் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். பிறகு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கூட்டும் எண்ணம் இருந்தால் மேல் ரிங்கில் 0.35 முதல் 0.40 மி.மீ. வைப்பது பாதுகாப்பு. இடைவெளி பத்தாமல் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டினால் பிஸ்டனின் விளிம்பு உடையும். "டாப்" என்று எழுதிய பக்கம் மேலே. மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேரில் இல்லாமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜால் பாருங்கள். அந்த அளவுக்காகப் பழைய ராடு போல்ட்டைப் போட்டு 30 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் முறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றுங்கள். 0.03 முதல் 0.06 மி.மீ.க்குள் வந்தால் நிம்மதி. கடைசியாகக் கட்டும்போது போல்ட்டு எல்லாம் புதுசு: ராடு 30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி. மெயின் பேரிங் 65 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி. இவை இழுபடும் போல்ட்டுகள், ஒரு தடவைக்குத்தான். ராடை இறக்கும்போது பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் குட்டிக் குழாயை இடித்து வளைத்துவிடாதீர்கள்.

ஹெட் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட்டை முறுக்கும்போது அது எங்கும் போக வழியின்றி பிளாக்கையே வெடிக்க வைக்கும். ஊதிக் காலி செய்த பிறகே ஹெட்டை வையுங்கள். நடுவிலிருந்து வெளியே போகும் வரிசை. உங்கள் இன்ஜின் குறியீட்டுக்கு மேனுவல் சொல்லும் முதல் கட்ட டார்க், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி.

இரண்டு கேம் ஷாஃப்டையும் பின்னால் இணைக்கும் சின்னச் செயினைப் பலர் மறக்கிறார்கள். இரு கேமின் குறிகளுக்கும் இடையே 16 உருளை இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். டென்ஷனரின் பிளாஸ்டிக் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், அதன் கேஸ்கெட்டையும். டைமிங் பெல்ட்டோடு டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்பு மூன்றும் ஒரே செட்டாக. வாட்டர் பம்பில் பிளாஸ்டிக் விசிறி வேண்டாம், அது ஷாஃப்டில் கழன்று சுற்றாமல் நின்றுவிடும். உலோக விசிறி கேளுங்கள். பெல்ட் போட்டபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேர் வருகிறதா பாருங்கள். பல் தப்பினால் இருபது வால்வில் எத்தனை வளையும் என்பது அதிர்ஷ்டம்.

சம்ப்புக்கு சிலிக்கான் 2 முதல் 3 மி.மீ. தடிமனுக்கு மேல் வைக்காதீர்கள். பிதுங்கி உள்ளே விழும் துண்டு நேராகப் புதுச் சல்லடைக்குத்தான் போகும்.

கூலன்ட் ஜி12 வகை, பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், வீட்டுப் பைப்பில் வெள்ளையாகப் படியும் உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீர்கூடக் குடிக்கத்தான். பச்சைக் கூலன்ட்டோடு ஜி12-ஐக் கலந்தால் பழுப்புச் சேறாகிவிடும்.

காற்றுக் கசிவு

டர்போ கட்டிய காற்று இன்ஜினுக்குப் போகும் வழியில் எங்கே கசிந்தாலும், கணக்கு வைத்த காற்றுக்கும் வந்து சேர்ந்த காற்றுக்கும் வித்தியாசம் வந்து பெட்ரோல் அளவு கெடும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். டர்போவின் வாய்க்குழாய் அளவுக்கு பிவிசி எண்ட் கேப், அதில் ஒரு டியூப்லெஸ் வால்வு. மாட்டி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஷரால் 0.3 பாரில் ஆரம்பித்து 1 பார் வரை மெல்ல ஏற்றுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். ஆயில் மூடியைத் தளர்த்திவையுங்கள், இல்லையென்றால் கிராங்க் கேஸில் பிரஷர் ஏறி சீலைத் தள்ளிவிடும். சோப்பு நீர் தெளித்தால் கிளாம்பு, இன்டர்கூலர் முனை, உடைந்த பிசிவி ஹோஸ் (கிராங்க் கேஸின் ஆவி போகும் குழாய்) எல்லாம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும்.

டைவர்ட்டர் வால்வை (ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பூஸ்ட் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்புவது) கழற்றி, பிஸ்டனை விரலால் உள்ளே தள்ளி, மேலே உள்ள சின்ன முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு தள்ளிய விரலை எடுங்கள். உள்ளேயே நின்றால் நல்லது, மெல்ல வெளியே வந்தால் உள்ளே உள்ள ரப்பர் கிழிந்திருக்கிறது. காற்றை வெளியே விடும் சத்த வால்வு இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது. அளந்து முடித்த காற்றை வெளியே விட்டால் ஒவ்வொரு கியருக்கும் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகைதான் வரும்.

முதல் ஸ்டார்ட்

டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றிக் கையால் ஷாஃப்டைச் சுற்றிவிட்டுக் குழாயை மாட்டுங்கள். ஃபியூயல் பம்பு ஃபியூஸையும் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, பத்துப் பத்து வினாடியாகச் செல்ஃப் அடியுங்கள், ஆயில் லைட் அணையும்வரை. பிறகுதான் ஸ்டார்ட். ஆயில் 80 டிகிரி ஆனதும் 2,000 ஆர்பிஎம்மில் கேஜில் 2 பாருக்குக் கீழே காட்டினால் நிறுத்துங்கள், ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள்.

இருபது நிமிஷம் ஓடியபின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், மறுபடி 500 கி.மீ.யில். ரிங் உட்கார ஏற்ற இறக்கமான சுமை வேண்டும். எல் அண்ட் டி பைபாஸில் ஒரே வேகத்தில் ஓட்டுவது இதற்கு உதவாது. பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் வரை மூன்றாவது, நாலாவது கியரில் மிதமாக இழுத்து, காலை எடுத்து இன்ஜின் பிரேக்கில் விட்டு, மறுபடி இழுத்து ஓட்டுங்கள். வால்பாறைக் கொண்டை ஊசிகள் பிறகு. பிறகு ஏறும்போதும், மேலே போய் டீக்கடையில் நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஆயில்தான் கரியாவது. அதன்பின் விடபிள்யூ 502 00 தரமுள்ள 5டபிள்யூ-40, 7,500 கி.மீ.க்கு ஒருமுறை.

மாற்றங்கள்

முதல் பணம் பிரேக்குக்கும் டயருக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டியதைப் பூ நன்றாக இருந்தாலும் கழற்றுங்கள். உயரம் குறைப்பதை 25 மி.மீ.யோடு நிறுத்துங்கள், நம் ஊர் வேகத்தடைகள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டவை இல்லை.

ரீமேப்பில் இந்தச் சின்ன டர்போவை வைத்து 180 முதல் 200 குதிரைத்திறன் நியாயமானது. கம்பெனி கான் ராடு மெல்லியது, கீழ் ஆர்பிஎம்மில் அளவுக்கு மீறி இழுவை கொடுத்தால் வளையும். "டார்க் அள்ளும்" என்று விற்கப்படும் மேப்பைவிட, மெல்ல ஏறும் மேப்பைக் கேட்டு வாங்குங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்ஜிகே பிகேஆர்7இ போல, இடைவெளி 0.7 மி.மீ. மேப் போட்டபின் விசிடிஎஸ் கருவியில் (இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிப்பது) மூன்று அளவுத் தொகுதிகளைப் பதிவு செய்யுங்கள்: 032-இல் பெட்ரோல் திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 115-இல் கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் ஒட்டிப் போக வேண்டும், 020-இல் இக்னிஷனை இன்ஜின் தானாகப் பின்னுக்கு இழுப்பது தொடர்ந்து 6 டிகிரிக்கு மேல் என்றால் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது). பெட்ரோல் பங்க்கை மாற்றுங்கள் அல்லது மேப்பைக் குறையுங்கள்.

முன்பக்க இன்டர்கூலர் பெரிதாகப் பெரிதாக ஏசி கண்டென்சரையும் ரேடியேட்டரையும் மறைக்கும். சித்திரை வெயிலில் காந்திபுரம் சிக்னலில் நிற்க வேண்டிய வண்டிக்கு நடுத்தர அளவே போதும்.

பெயிண்ட், டிங்கரிங் கடைசியில்தான். நிறம் மாறினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், இன்ஜின் மாற்றினாலும் அப்படியே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றுவதற்கு இடம் தருவதில்லை. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிய வண்டி அடுத்த எஃப்.சி.க்குப் போகும்போது அதிலேயே மாட்டும்.

வேகத்தைச் சோதிக்க அவினாசி ரோடு இடமில்லை. செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ட்ராக் டே அறிவிக்கும்போது பதிவு செய்யுங்கள். போகும் முன் புது டாட் 4 பிரேக் ஆயில், வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர். நாலைந்து சுற்று முடிந்து பிட்டுக்கு வந்ததும், வீல் ஆறியபின் அந்த 120-ஐ மறுபடி ஒருமுறை வைத்துப் பாருங்கள்.